சக்கரவர்த்தி மறுத்த பதக்கம்

ஏழைகளின் கண்ணீரைப் படமாக்கிய கேத்தே கோல்விட்ஸ்

1898-ம் ஆண்டு. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் ஒரு பெரிய ஓவியக் கண்காட்சி நடந்தது. பெரிய பெரிய வர்ண ஓவியங்களுக்கு நடுவே, கறுப்பு மையில் அச்சிட்ட ஆறு சிறிய படங்களும் இருந்தன.

அந்தப் படங்களில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. பசியால் வாடிய நெசவாளர்கள் இருந்தார்கள். அவற்றை வரைந்தவர் 30 வயதுப் பெண்மணி. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அவர் பெயர் கேத்தே கோல்விட்ஸ்.

பரிசுக் குழுவினர் அந்தப் படங்களைப் பார்த்து வியந்தார்கள். தங்கப் பதக்கம் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தார்கள். ஆனால் சக்கரவர்த்தி கெய்ஸர் வில்லியம் சம்மதிக்கவில்லை. பதக்கம் கிடைக்காமல் போயிற்று.

ஆறு சிறிய படங்களைக் கண்டு ஒரு சக்கரவர்த்தி ஏன் முகம் சுளித்தார்? அதை அறிய, அந்த அம்மையாரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொத்தனாரின் மகள்

கேத்தே 1867-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது ரஷ்யாவில் இருக்கிறது. தந்தை சட்டம் படித்தவர். ஆனால் அரசாங்கத்தின் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே வக்கீல் வேலையை நாடாமல் கொத்தனார் தொழிலைக் கற்று, வீடு கட்டிப் பிழைத்தார். தாய்வழிப் பாட்டனார் ஒரு பாதிரியார். அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாமல், தனியே ஒரு சபையை ஏற்படுத்தியவர்.

மனசாட்சிக்கு விரோதமாக நடக்கக்கூடாது என்பதைக் கேத்தே அந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டார். மகளுக்குச் சித்திரத்தில் ஆசை இருப்பதைத் தந்தை கவனித்தார். பெண்பிள்ளைதானே என்று விட்டுவிடவில்லை. ஊரில் ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்தார். பிறகு பெர்லினுக்கும் மூனிக் நகருக்கும் அனுப்பிப் படிக்கவைத்தார்.

1891-ம் ஆண்டு கேத்தே, கார்ல் கோல்விட்ஸ் என்ற டாக்டரை மணந்துகொண்டார். பெர்லினில் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் அந்த டாக்டர் வைத்தியம் செய்து வந்தார். வேலையில்லாதவர்களும், நோயாளிக் குழந்தையைத் தூக்கிவரும் தாய்மார்களும் வீடு தேடி வந்தார்கள். அந்த முகங்களையே கேத்தே வரையத் தொடங்கினார்.

நெசவாளர் படங்கள்

1844-ம் ஆண்டு சைலீசியா என்ற பிரதேசத்தில், கூலி போதாமல் நெசவாளர்கள் கலகம் செய்தார்கள். ராணுவம் அதை அடக்கியது. கெர்ஹார்ட் ஹாப்ட்மன் என்ற ஆசிரியர் அந்தச் சம்பவத்தை நாடகமாக்கினார். அதைப் பொது மேடையில் நடிக்கப் போலீசார் தடை விதித்தார்கள். 1893-ல் ஒரு தனிச் சங்கம் தன் அங்கத்தினர்களுக்காக அதை நடத்தியது. கேத்தே போய்ப் பார்த்தார். அது அவர் மனதை உலுக்கிவிட்டது.

நான்கு ஆண்டுகள் உழைத்து ஆறு படங்களை முடித்தார். முதல் படத்தில், சாகக் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் தாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். கடைசிப் படத்தில், இறந்தவர்களைக் குடிசைக்குள் கொண்டுவந்து தறியின் அருகே கிடத்துகிறார்கள்.

இவை கல்லிலும் செப்புத் தகட்டிலும் வரைந்து, மை தடவிக் காகிதத்தில் அச்செடுத்த படங்கள். ஒரு முத்திரையைப் பல தடவை பதிப்பதுபோல் ஒரே படத்தைப் பல பிரதிகள் எடுக்கலாம். வர்ண ஓவியம் ஒரு பணக்காரர் வீட்டுக்குத்தான் போகும். அச்சுப் படமோ பலர் கைக்குப் போகும். அதனால்தான் ஆள்வோருக்கு அதில் அச்சம்.

பெர்லினில் மறுத்த தங்கப் பதக்கத்தை மறு ஆண்டே டிரெஸ்டன் நகரம் அவருக்கு அளித்தது.

1906-ல் இன்னொரு சம்பவம். வீட்டிலிருந்தே கூலி வேலை செய்பவர்களைப் பற்றி பெர்லினில் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்குக் கேத்தே வரைந்த சுவரொட்டியில் களைத்துப்போன ஒரு தொழிலாளிப் பெண்ணின் முகம் இருந்தது. அதை அகற்றினால்தான் வருவேன் என்று சக்கரவர்த்தினி பிடிவாதம் செய்தார்.

தாயின் துயரம்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. இளைய மகன் பீட்டருக்கு 18 வயது. பட்டாளத்தில் சேர வேண்டும் என்று துடித்தான். வயது போதாததால் தந்தையின் சம்மதம் தேவைப்பட்டது. தந்தை மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் கேத்தேதான்.

அக்டோபர் மாதத்திலேயே பீட்டர் பெல்ஜியத்தில் மாண்டான்.

அந்தத் துயரம் தாயை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. மகனுக்கு நினைவுச் சின்னம் செய்யத் தொடங்கினார். மனம் நிறையாமல் திரும்பத் திரும்ப மாற்றினார். 1932-ல்தான் அது முடிந்தது. மகன் வாழ்ந்தது 18 ஆண்டு. சிலைக்கும் ஏறக்குறைய அத்தனை ஆண்டு பிடித்தது. அதில் வீரனும் இல்லை, வாளும் இல்லை. மண்டியிட்ட ஒரு தகப்பனும் ஒரு தாயும் மட்டுமே இருக்கிறார்கள். அந்தச் சிலைகள் பெல்ஜியத்தில், மகன் புதைந்த இடுகாட்டிலேயே இருக்கின்றன.

போருக்கு மகனை அனுப்பிய தாய், போரே கூடாது என்று சொல்லும் தாயானார். மரக்கட்டையில் செதுக்கிய ஏழு போர்ப் படங்களை வெளியிட்டார். 1924-ல் போர் இனி வேண்டாம் என்று முழங்கும் சுவரொட்டியை வரைந்தார்.

இட்லர் காலம்

1919-ல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை உறுப்பினராக்கிப் பேராசிரியர் பட்டமும் அளித்திருந்தது. பெண் ஒருவருக்கு அந்த நாளில் அது அரிய கௌரவம். 1933-ல் இட்லர் பதவிக்கு வந்தார். நாஜிகளைத் தேர்தலில் தோற்கடிக்க மற்றக் கட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்ற அறிக்கையில் கேத்தே கையெழுத்திட்டிருந்தார். அதற்காகக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1936-ல் கண்காட்சியிலிருந்து அவருடைய படைப்புகளை அகற்றினார்கள். ரகசியப் போலீசார் வீட்டுக்கு வந்து, சிறை முகாமுக்கு அனுப்புவோம் என்று மிரட்டினார்கள்.

அப்படியும் அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. வேலையையும் நிறுத்தவில்லை. 1940-ல் கணவர் காலமானார். 1942-ல், மாண்ட மகனின் பெயரையே தாங்கிய பேரன் பீட்டரும் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். 1943-ல் 50 ஆண்டு வாழ்ந்த வீடு குண்டுவீச்சில் எரிந்தது. பல படங்களும் சாம்பலாயின.

1945-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி கேத்தே கண்மூடினார். அவர் காண ஏங்கிய சமாதானம் ஐரோப்பாவுக்கு வர இன்னும் 16 நாட்களே இருந்தன.

இன்று

பதக்கம் மறுத்த கெய்ஸர் 1918-லேயே முடி இழந்து ஹாலந்துக்கு ஓடினார். படத்தை அகற்றிய நாஜி ஆட்சி 12 ஆண்டுகளில் அழிந்தது. கோலோன் நகரிலும் பெர்லினிலும் கேத்தேயின் பெயரால் மியூசியங்கள் இருக்கின்றன. 2024-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் அவருக்காகப் பெரிய கண்காட்சி நடத்தியது.

எரிந்துபோன அந்த வீடு இருந்த தெருவுக்கும் இப்போது கோல்விட்ஸ் தெரு என்றுதான் பெயர். டாக்டரைத் தேடி ஏழைத் தாய்மார்கள் குழந்தையோடு நடந்து வந்த தெரு அது.