மைக் கிடையாது, சினிமா கிடையாது... 27 வயதில் மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பாவை இன்னும் பேசுவது ஏன்? 5 கட்டை குரலின் கதை

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழி... வானம் பார்த்த இந்த பூமியில் கோயில் பொங்கல் என்றால் ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் ஏராளம். வேலன் வேஷத்தில் வரும் ராஜபார்ட் எடுத்த எடுப்பிலேயே குரலை உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். இப்போதுதான் மைக் இருக்கே, எதுக்கு இவ்வளவு மேலே பாடணும் என்று தோன்றும். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய பெயர், எஸ்.ஜி.கிட்டப்பா.

யார் இந்த கிட்டப்பா?

1906 ஆகஸ்ட் 25-ல் செங்கோட்டையில் பிறந்தவர். அன்றைக்கு அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இயற்பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் வறுமை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அண்ணன்மாரோடு நாடக மேடை ஏறிவிட்டார். கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகம் அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு சொந்தமாகவே கம்பெனி நடத்தினார்.

அதென்ன 5 கட்டை?

ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொள்கிறோமோ அதுதான் பாடகரின் ஸ்ருதி. கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் 1, ஒன்றரை, 2 கட்டையில் பாடுவார்கள். 5 கட்டை என்பது பெண்கள் பாடும் உயரம். கிட்டப்பா என்றாலே 5 கட்டை என்றுதான் இசை ரசிகர்கள் சொல்வார்கள்.

மேலைநாட்டு ஓபராவில் டெனர் என்ற ஆண் குரல் வகை உண்டு. அந்தப் பாடகர்கள் 'ஹை சி' என்ற சுரத்தைத் தொட்டால் அரங்கமே கைதட்டும். 5 கட்டையில் பாடுகிறவர் மேல் ஸ்தாயி மத்யமத்துக்குப் போனாலே அதே இடம் வந்துவிடும்.

இது வெறும் சாகசம் இல்லை, தொழில் தேவை. ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். கனமான தாழ்ந்த குரல் கூட்டத்தின் இரைச்சலில் அமுங்கிப் போகும், உச்சக் குரல் அதைக் கிழித்துக்கொண்டு போகும். இன்னொரு வசதியும் உண்டு. ஆணும் பெண்ணும் ஒரே ஸ்ருதியில் மாறி மாறிப் பாடலாம். தர்க்கப் பாட்டு நிறைந்த வள்ளி திருமணத்துக்கு இது ரொம்பவே முக்கியம்.

இசைத்தட்டு வேகமாகச் சுற்றியதா?

பழைய பதிவுகளைக் கேட்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. நியாயமான சந்தேகம்தான். அந்தக் காலத் தட்டு நிமிடத்துக்கு 78 தடவை சுற்ற வேண்டும். அதையே சுமார் 83 தடவை சுற்றவிட்டால் பாட்டின் வேகமும் கூடும், ஸ்ருதியும் அரைக் கட்டை ஏறும். தட்டு வேகம் மாறினால் இரண்டும் சேர்ந்தேதான் மாறும். அதனால் இணையத்தில் கிடைக்கும் ஒரு பதிவை மட்டும் வைத்து அவர் ஸ்ருதியை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அரைக் கட்டையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் நாலரை! அதுவும் ஆண்கள் சாதாரணமாகப் பாடும் உயரம் இல்லையே.

வேகத்துக்கு வேறொரு காரணமும் இருக்கு. தட்டின் ஒரு பக்கத்தில் 3 நிமிடம் சொச்சம்தான் இடம். கச்சேரியில் நிதானமாக விரியும் ஒரு கீர்த்தனையை அதற்குள் அடக்கியாக வேண்டும். அங்கேதான் கிட்டப்பாவின் பிர்கா கைகொடுக்கிறது. உச்சத்திலேயே சுரங்களை உதிர்த்துவிட்டு, சொல் சிதையாமல் வரிக்குத் திரும்பிவிடுவார்.

கேட்டுப் பார்க்க நல்ல உதாரணம், தேவாம்ருதவர்ஷிணி ராகத்தில் தியாகராஜர் இயற்றிய 'எவரனி'. நீ யார்? சிவனா, திருமாலா, பிரம்மாவா, இவர்களையெல்லாம் கடந்த பரம்பொருளா என்று ராமனைக் கேட்கும் பாட்டு. கேள்வி அடுக்கடுக்காகப் போகும். அந்தத் தவிப்புக்கு அவருடைய உச்சக் குரல் கச்சிதமாகப் பொருந்தியது. தெலுங்கு தெரியாதவருக்கும் அது கேள்வி என்பது புரியும்.

சபா பக்கம் ஒதுங்கியே இருக்காத லட்சக்கணக்கான பேருக்கு ராகம் என்றால் என்ன என்று காட்டியது நாடக மேடையும் இந்தத் தட்டுகளும்தான். நாடகக்காரன் என்று ஒரு படி கீழே வைத்துப் பார்த்த காலத்தில், அதே மேடையில் நின்று தியாகராஜரையும் பாடினார், சங்கரதாஸ் சுவாமிகளையும் பாடினார் கிட்டப்பா.

சுந்தராம்பாளும் 1933-ம்

1926-ல் கொழும்பு நாடக மேடையில் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்தார். அவருக்கும் அதே உச்சக் குரல். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்த நிலையில், 1927-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் வீட்டுக்குள் மனக்கசப்பு, பிரிவு. உடல்நலம் கெட்டு, 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா காலமானார். வயது 27தான்.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான். ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் வெளிவந்த பக்த நந்தனாருக்கு 1 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்தப் படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார்.

என்ன மிச்சம்?

தமிழ் சினிமா பேசத் தொடங்கியது 1931-ல். கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. மேடையில் அவர் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார் என்று பார்க்க நமக்கு வழியே கிடையாது. மிஞ்சியவை சில இசைத்தட்டுகள் மட்டுமே.

ஆனால் பாணி நிற்கவில்லை. 1945-ல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் 'காயாத கானகத்தே' பாடிய டி.ஆர்.மகாலிங்கம், கிட்டப்பாவின் வழியில் வந்தவர். அதே பாட்டை, இன்றைய ராஜபார்ட்டுகளும் கரிசல் காட்டு மேடைகளில் உச்சத்திலேயே எடுக்கிறார்கள்.

அடுத்த முறை கிட்டப்பா பதிவைக் கேட்கும்போது முதல் சில நொடி கரகரப்பைப் பொறுத்துக்கொள்ளுங்க. குரல் எவ்வளவு மேலே போகுது என்பதை மட்டும் கவனிக்காமல், அந்த உயரத்திலும் சொல் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்க. கடைசி வரிசைக்காகப் பாடியவரின் தனி முத்திரை அங்கேதான் இருக்கு.