அமீர் அப்துல் காதிர் (ரஹ்)

அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்களைப் பற்றி எழுதுவோர், பிரான்சுடன் அவர்கள் புரிந்த பதினைந்து ஆண்டுப் போரையே விரித்துரைப்பர். வாளை உறையிலிட்ட பிறகு அவர்கள் வாழ்ந்த வாழ்வையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1808ல் மஸ்கரா நகருக்கருகே பிறந்தார்கள். தந்தை ஷைகு முஹ்யித்தீன் அவர்கள் காதிரிய்யா தரீக்காவின் பெரியார். பகுதாது நாயகத்தின் பெயர்கள் தந்தைக்கும் மகனுக்குமாகப் பங்கிடப்பட்டிருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பர். குர்ஆனை மனனம் செய்து, தந்தையுடன் ஹஜ்ஜும் முடித்த அவ்விளைஞரிடம் 1832ல் கோத்திரத்தார் பைஅத் செய்தனர். அப்போது வயது 24.

1837ல் தஃப்னா உடன்படிக்கை ஏற்பட்டது. இரண்டே ஆண்டுகளில் மீண்டும் போர் மூண்டது. 1843ல் அவர்களுடைய கூடார நகரம் பிடிபட்டு, அரும்பாடுபட்டுச் சேர்த்த கிதாபுகளும் சிதறிப்போயின. கைதிகளுக்கு உணவளிக்க வழியில்லாதபோது அவர்களை விடுவித்ததும் உண்டு. ஆயினும் 1846ல், அமீர் இல்லாத வேளையில், முகாமிலிருந்த பிரெஞ்சுக் கைதிகள் கொல்லப்பட்டனர். இதை மறைத்து எழுதுவது முறையன்று.

1847 டிசம்பரில், அலெக்ஸாந்திரியா அல்லது அக்காவுக்குச் செல்ல விடுவதாகத் தரப்பட்ட வாக்கை நம்பிச் சரணடைந்தார்கள். கப்பல் போய்ச் சேர்ந்ததோ பிரான்சின் தூலோன் துறைமுகம்! ஏறத்தாழ ஐந்தாண்டுச் சிறை. அம்புவாஸ் கோட்டையில் உடனிருந்தோர் பலர் வபாத்தாகி அங்கேயே அடக்கமாயினர். 1852ல் லூயி நெப்போலியன் விடுதலை செய்தபோது, இனிப் பிரான்சை எதிர்ப்பதில்லை என்று அமீர் வாக்களித்தார்கள். 1871ல் அல்ஜீரியாவில் கிளர்ச்சி எழுந்து சொந்த மகனே அதில் சேர்ந்தபோதும், அதை ஏற்கவில்லை. இதற்காக அவர்களைக் குறை கூறுவோர் உண்டு. தமக்களித்த வாக்கை முறித்தவர்களிடமும் தம் வாக்கைக் காத்தார்கள் என்பதே நம் கருத்து.

1855 முதல் வாழ்விடம் டமாஸ்கஸ். உமையா பள்ளியில் பாடம் நடத்தினார்கள். 1860 ஜூலையில் அந்நகரில் வெறிகொண்ட கூட்டம் கிறிஸ்தவர்களை வெட்டிச் சாய்த்தது. அமீர் தம் அல்ஜீரியத் தோழர்களுடன் தெருத்தெருவாகச் சென்று அவர்களை அழைத்து வந்தார்கள்; வீடு நிரம்பவே கோட்டைக்கு அனுப்பினார்கள். உயிருடன் கொண்டுவருவோருக்குப் பணமும் கொடுத்தார்கள். ஒப்படைக்குமாறு வாசலில் நின்று கூச்சலிட்ட கூட்டத்துக்கு இணங்கவில்லை. பல்லாயிரவர் பிழைத்தனர். பிரான்ஸ் உயரிய விருதளித்தது. அமெரிக்க அதிபர் லிங்கன் கைத்துப்பாக்கிகள் அனுப்பினார். ரஷ்யாவில் சிறைப்பட்டிருந்த மற்றொரு போராளி, காக்கேசியாவின் இமாம் ஷாமில் அவர்களிடமிருந்தும் பாராட்டுக் கடிதம் வந்தது. அமீரோ, தாம் செய்தது ஷரீஅத் விதித்த கடமை என்றே விளக்கினார்கள்.

பிற்காலத்தில் இப்னு அரபி (ரஹ்) அவர்களின் ஃபுதூஹாத்தைப் பிழையின்றி அச்சிடுவதற்காக, கோனியாவிலுள்ள மூலப் பிரதியுடன் ஒப்பிட்டு வர இரு ஆலிம்களை அனுப்பினார்கள். 1883 மே மாதம் வபாத்தாகி, இப்னு அரபி (ரஹ்) அவர்களின் கபுருக்கருகிலேயே அடக்கமானார்கள். 1962ல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின், உடலின் எச்சங்களைத் தோண்டியெடுத்துக் கொண்டுபோய் அல்ஜீயர்ஸ் மண்ணில் அடக்கினர்.