எம்.ஜி.ஆர் பேச்சைப் பாதித்த பக்கவாதம்: 42 மதிப்பெண் அளவுகோல் எதைப் பார்க்கிறது?

பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது ஜானகி மகளிர் கல்லூரி. அவரது குரல் இரண்டு முறை அடி வாங்கியது. 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்து, குரலே மாறிப்போச்சு. 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறோடு அப்போலோவில் சேர்ந்தவருக்குப் பக்கவாதமும் வந்தது. புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தபடியே, பிரசாரத்துக்கு வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் மீண்டும் முதல்வர். பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை. 1987 டிசம்பர் 24-ல் மறைந்தார்.

பக்கவாதத்தின் தீவிரத்தை இன்று அளக்கும் என்.ஐ.எச்.எஸ்.எஸ் அளவுகோல் வெளியானதே 1989-ல்தான். என்ன மாதம், என்ன வயசுன்னு கேட்பாங்க. கையை 10 விநாடி, காலை 5 விநாடி தூக்கிப் பிடிக்கச் சொல்வாங்க. பாதிப்பு கூடக்கூட மதிப்பெண் ஏறும், உச்சம் 42. பேச்சுக்கு மட்டும் ரெண்டு கணக்கு: சொல் கிடைக்காமல் தவித்தால் 3 வரை, சொல் தெரிந்தும் நாக்கு குழறினால் 2 வரை.

ஆக, பேச்சே மொத்தமாகப் போனாலும் அதற்கு 5தான். மேடையில் பேசியே வாழ்ந்தவருக்கு அது சின்ன எண்ணா? அதனால்தான் மதிப்பெண் குறைவாக இருந்தாலும், ஆளை முடக்கும் பாதிப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை மருத்துவர்கள் பரிசீலிக்கிறார்கள். அந்த ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும், அதனால் அதற்கு முன்பே மருத்துவமனை போயாகணும்.