பாதிரிமார் பள்ளியில் படித்த நாவலர்



பாசிர் கூடாங்கில் 1977-ல் துறைமுகம் திறந்த பிறகு ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் தொழிற்சாலைகள் முளைத்தன. நம்மவர்கள் பலர் வெட்டுக்கத்தியை வைத்துவிட்டு பேக்டரி வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால், சங்கக் கூட்டம் முடிந்ததும் தாய்மார் கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிஞ்சாச்சு, இனி பிள்ளையை எங்கே போடுவது? கையில் நாலு காசு சேர்த்தவர்கள் கிறிஸ்தவத் தனியார் பள்ளியை விசாரிக்கிறார்கள். அங்கே போட்டால் தமிழும் சாமியும் போயிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. இது பழைய பயம். அதை நேருக்கு நேர் சந்தித்த ஒருவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர்.

1822 டிசம்பர் 18-ல் நல்லூரில் பிறந்தார். தகப்பனார் கந்தர், தாயார் சிவகாமி. முதலில் திண்ணைப் பள்ளி. பிறகு சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் படித்தார். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஆங்கிலம் படிக்க வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஆனது அதுதான். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அதை நடத்தினார். அந்த நாளில் ஆங்கிலம் வேணுமென்றால் பாதிரிமார் வாசலைத்தான் மிதிக்க வேண்டும். ஆங்கிலம் வந்தால் கச்சேரி உத்தியோகம் கிடைக்கும். சைவக் குடும்பங்களும் அதற்காகத்தான் பிள்ளைகளை அனுப்பின.

திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதி, ஓலையில் வாசித்து, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடம் ஓடும். மிஷன் பள்ளியிலோ தரத்துக்குத் தகுந்த வகுப்பு, நேரத்துக்கு ஒரு பாடம், கையில் அச்சுப் புத்தகம். ஆறுமுகம் அங்கே ஆங்கிலத்தை மட்டுமா படித்தார்? ஒரு பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவது என்பதையும் படித்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அவர் அங்கிருந்து கொண்டுவந்த பெரிய சொத்து இதுதான்.

1841-ல் அதே பள்ளியில் ஆசிரியரானார். கீழ் வகுப்புக்கு ஆங்கிலம், மேல் வகுப்புக்குத் தமிழ். பெர்சிவல் பைபிளைத் தமிழில் பெயர்த்தபோது கூட இருந்து உதவியவரும் இவரே. அந்தத் தமிழைச் சரிபார்க்கச் சென்னைக்கும் போய்வந்தார். நெற்றியில் விபூதி அழியவில்லை.

1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பேச ஆரம்பித்தார். மறு வருஷம் மிஷன் சம்பளத்தை விட்டுவிட்டு, அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சம்பளம் வாங்காத பள்ளி அது. பாடப் புத்தகம் வேண்டுமே! 1849-ல் தமிழ்நாடு போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்ற பட்டத்தை அளித்தது. பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் பாலபாடம் எழுதி அச்சடித்தார். பெரியபுராணத்தை வசனமாக்கினார். கலியாணம் செய்துகொள்ளவே இல்லை. பாதிரிமாரோடு பேச்சிலும் எழுத்திலும் கடுமையாக மோதினார். ஆனால் அவர்களுடைய கற்பிக்கும் முறையை அப்படியே வைத்துக்கொண்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதிக் கட்டுப்பாட்டை நாவலர் கடைசிவரை விடவில்லை. அதுவும் சைவ ஒழுக்கம் என்றே நம்பினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு அவருடைய பள்ளியில் இடமில்லை. மேல்சாதிக்காரர்கள் முணுமுணுத்தாலும், மிஷன் பள்ளிகள்தான் மெல்ல மெல்ல அந்தப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தன. பால்மரக்காட்டுக்குக் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகளில் பலர் எந்தப் பள்ளி வாசலிலும் நிற்க விடப்படாதவர்கள். அவர்களுடைய பேரன் நாவலரைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்கட்டும். அதே நாவலர்தான் 1877-ல் பஞ்சமும் வாந்திபேதியும் வந்தபோது பணம் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றினார். அரசாங்க ஏஜெண்டையும் எதிர்த்து எழுதினார்.

மதம் மாறாமல் ஆங்கிலம் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1872-ல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையைத் திறந்தார். பணம் போதவில்லை, நாலு வருஷத்தில் மூடவேண்டி வந்தது. தமிழ்ப் பள்ளியைத் தருமத்தில் நடத்தலாம். ஆங்கில வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் அல்லவா? யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழும்பியது அவர் காலத்துக்குப் பிறகுதான். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பிறகு மலாயாவுக்கு வந்தார்கள்; ரயில்வேயிலும் தோட்ட ஆபீசிலும் கிராணிமார் ஆனார்கள். பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவருக்கும், பேர் கொடுத்தவருக்கும் இடையில் இருந்தது அந்த நாலைந்து வருஷப் படிப்புத்தான்.

1879 டிசம்பர் 5-ல் நாவலர் காலமானார். அப்போது வயது ஐம்பத்தாறு. 1864-ல் சிதம்பரத்தில் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.