சைக்ளோன் எனப் பெயரிட்டவர்

கடல் நடுவே உருவாகும் புயலின் வலிமையை நேரில் சென்று அளத்தல் அரிது. தொலைவில் தென்படும் அடையாளங்களைக் கொண்டே அதனைக் கணிக்க வேண்டும். வங்கக் கடலில் இக்கணிப்புக்கு வழிவகுத்த முன்னோடி ஹென்றி பிடிங்டன்.

1797ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த பிடிங்டன், வணிகக் கப்பலின் தலைவராகப் பணியாற்றினார். பின்னர்க் கொல்கத்தாவில் குடியேறி, அருங்காட்சியகக் காப்பாளரானார். வில்லியம் ரீடு 1838இல் வெளியிட்ட புயல் விதிகள் பற்றிய நூல், அவரைப் புயல் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது. புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளை அவர் திரட்டினார். ஒவ்வொரு கப்பலும் கண்ட காற்றின் திசையையும் காற்றழுத்தமானியின் இறக்கத்தையும் ஒப்பிட்டு, கடல் வரைபடத்தில் புயலின் மையத்தையும் பாதையையும் குறித்தார்.

1848இல் மாலுமிகளுக்கென ஒரு கைந்நூல் எழுதினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்னும் பெயரை உருவாக்கி, அந்நூலில் வழங்கினார். வட்டங்களும் காற்றுத் திசைகளும் வரைந்த, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளையும் அதனுடன் இணைத்தார். அத்தகட்டை வரைபடத்தின்மீது வைத்து, புயலின் மையம் எத்திசையில் உள்ளது என்பதை மாலுமி அறிந்து விலகிச் செல்லலாம்.

அக்காலத்தில் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு எண்ணியது. புயலின் வன்மை காற்றில் மட்டுமன்றி, அது உந்திவரும் கடல்நீரிலும் உண்டு என்பதைப் பிடிங்டன் அறிந்திருந்தார். அவ்விடம் நீரில் மூழ்கும் என எச்சரித்து, 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்குத் திறந்த மடல் எழுதினார். அரசு அதனைப் பொருட்படுத்தவில்லை. 1858இல் பிடிங்டன் மறைந்தார். அதன்பின் கானிங் துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பரில் வீசிய புயலும் பொங்கிய கடலும் அதனைச் சிதைத்தன. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

நூறாண்டுக்குப்பின், 1970களில், அமெரிக்க அறிஞர் வெர்னான் டுவோராக் செயற்கைக்கோள் படங்களிலிருந்து புயலின் வலிமையைக் கணிக்கும் முறையை வகுத்தார். சுருள்கோடு வரைந்த தாளைப் படத்தின்மீது பொருத்தி, மையத்தைச் சுற்றி மேகப்பட்டை எவ்வளவு சுருண்டுள்ளது என அளந்தார். அகச்சிவப்புப் படங்களில் புயலின் கண் வெப்பமாகவும் சூழ்ந்த மேகங்களின் உச்சி மிகக் குளிர்ந்தும் இருந்தால் புயல் வலியது என்று கொள்ளப்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத்துறையும் இம்முறையைப் பின்பற்றுகிறது. கொம்புத் தகட்டில் பிடிங்டன் கண்ட சுழற்சியே இன்று விண்ணிலிருந்து அளக்கப்படுகிறது. கணிப்பு எத்துணைத் துல்லியமாயினும், அதற்குச் செவிசாய்த்தால்தான் உயிர்களைக் காக்க இயலும் என்பதைக் கானிங் துறைமுகத்தின் அழிவு உணர்த்துகிறது.