யெல்லப்ரகடா சுப்பாராவ்: யானைக்கால் மாத்திரை முதல் மெத்தோட்ரெக்சேட் வரை

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் யானைக்கால் நோய்க்காக அரசு கொடுத்த டிஇசி மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் ஏராளம். 1947-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைவர் யெல்லப்ரகடா சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்பிபிஎஸ் கிடைக்கல, எல்எம்எஸ்தான். 1923-ல் ஹார்வர்டு போனார்.

1925-ல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். அமிலம் விட்டுப் புரதத்தைத் திரள வைத்து வடிகட்டணும். மிஞ்சிய நீரில் ரசாயனம் சேர்த்தால் வரும் நீல நிறத்தின் அடர்த்திதான் அளவு. உலகமே பயன்படுத்திய முறை இது. ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவே இல்லை. 1940-ல் லெடர்லே போனார்.

அங்கே உருவான இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்சேட். இன்று மூட்டுவாதக்காரர்கள் வாரம் ஒருமுறை எடுப்பது. இங்கே புரதத்தை ஒதுக்கிவிட முடியாது. ரத்தத்தில் போகும் மருந்தில் சுமார் பாதி ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததுதான் செல்லுக்குள் போகும். ஆல்புமின் குறைந்தால் ஒட்டாத பங்கு கூடி, வாய்ப்புண் வரலாம், ரத்த அணுக்கள் குறையலாம்.

வலிப்பு மருந்து ஃபெனிடாயின் 90 சதவீதம் ஒட்டும் என்பதால் அதற்குக் கணக்கே இருக்கு. ரிப்போர்ட்டில் மருந்து 10 மைக்ரோகிராம், ஆல்புமின் 2 கிராம் என்றால், ஆல்புமின் சரியாக இருப்பவருக்கு 20 இருப்பதற்குச் சமம்.

மெத்தோட்ரெக்சேட்டின் அண்ணன் போன்ற அமினோப்டெரின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்த ஆய்வு 1948 ஜூனில் வெளியானது. ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார்.