வள்ளல் பச்சையப்பர்

கோயில்களாலும் பட்டுத்தறிகளாலும் புகழ்பெற்ற காஞ்சி மாநகர், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிவுகள் மலிந்த ஊராகவும் விளங்கியது. பெரிய காஞ்சியில் சைவம் தழைத்தது. சின்ன காஞ்சியில் வைணவம் ஓங்கியது. வைணவருள் வடகலை, தென்கலைப் பிணக்கும், தொழில் செய்வோரிடையே வலங்கை, இடங்கைப் பூசலும் நிலவின. அத்தகைய சமூகத்தில் அனைவரும் நம்பத்தக்க பொது அறம் ஒன்று பச்சையப்பர் பெயரால் நிலைபெற்றது.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறக்குமுன்பே தந்தையார் மறைந்தார். தாயார் பூச்சி அம்மாள், பவுனி நாராயணப் பிள்ளையின் ஆதரவில் மக்களை வளர்த்தார். இளமையிலேயே கணக்கும் வணிகமும் பயின்ற பச்சையப்பர், ஆங்கிலேயருக்கும் உள்நாட்டாருக்கும் இடையே நின்று செயலாற்றும் துபாசியாக உயர்ந்து பெரும்பொருள் ஈட்டினார்.

1794 மார்ச் 22 அன்று கும்பகோணத்தில் அவர் தம் உயிலை எழுதினார். சிவன் கோயில், திருமால் கோயில் என்னும் வேறுபாடின்றித் திருப்பணிகளுக்கும், ஏழைகளுக்கு உதவவும், வடமொழிக் கல்விக்கும் தம் செல்வத்தை உரிமையாக்கினார். ஒன்பது நாள்களுக்குப்பின் திருவையாற்றில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

ஆயினும், கொடுத்தவரின் தூய உள்ளம் மட்டும் அறத்தைக் காக்கவில்லை. சொத்தின் பொறுப்பாளர்களிடையே வழக்குகள் எழுந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அச்செல்வம் உரிய பயன் தரவில்லை. இறுதியில் சென்னை உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அறப்பணத்தை மீட்டது. கோயில் கட்டளைகளுக்கு உரியது போக எஞ்சிய தொகை கல்விக்கு ஒதுக்கப்பட்டது. இதற்கு அரசு தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் பெரிதும் முயன்றார். தனியொருவர் கையில் இருந்த பொறுப்பு அறங்காவலர் குழுவிடம் சென்றது. 1842ஆம் ஆண்டு சென்னையில் பச்சையப்பர் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் வளர்ச்சி ஆண்டு விழாக்களில் மக்கள் முன்னிலையில் எடுத்துரைக்கப்பட்டது. மறைவாக இருந்த பணம் ஊரறிந்த பள்ளியாக மாறியபோது நம்பிக்கை மீண்டது.

அவ்வறம் காஞ்சியையும் வந்தடைந்தது. அங்கு எழுந்த பச்சையப்பர் பள்ளியில், நெசவாளர் குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு பிறந்த அண்ணா பயின்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் கற்று, தமிழ்நாட்டின் முதலமைச்சராக உயர்ந்தார்.

இவ்வறத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. நெடுங்காலம் இந்து மாணவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த சென்னைக் கல்லூரியின் கதவு, 1947இல்தான் பிற சமயத்தாருக்கும் திறந்தது. வாயிலில் ஒருவரை நிறுத்தி வைக்கும் வரை, பொது அறம் முழுமையாகப் பொதுவாவதில்லை.

பொருளைக் கொடுப்பது கொடை. அதன் கணக்கைக் காட்டுவதும் அதன் பயனை எவருக்கும் மறுக்காதிருப்பதும் அக்கொடையைக் காக்கும் இரு வேலிகள். பச்சையப்பர் வித்திட்ட அறம் இன்றும் நிலைத்திருப்பது, அவர் காலத்திற்குப் பின் வந்தோர் அவ்வேலிகளை ஒவ்வொன்றாக எழுப்பியதனால்தான்.